இரண்டாவது தடவையும் நாரியில் சத்திரசிகிச்சையா? செய்தவர்கள் சொல்லுங்கள்

உப்புவெளி இஞ்சின்

வணக்கம். எனக்கு 47 வயது. உப்புவெளிக் கரையில் வள்ளங்களின் இஞ்சின் திருத்துவது தொழில், இருபது வருடத்துக்கு மேலாகிறது. 40 குதிரைவலு இஞ்சினைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். ஆள் கிடைக்காத நாட்களில் தனியாகவே தோளில் ஏற்றியிருக்கிறேன். இளமையில் அது பெருமையாக இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் நாரியில், அதாவது கீழ்முதுகு முள்ளந்தண்டில், எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை நெரித்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது கால்வலி இல்லை. அப்படியொரு நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. இரண்டரை வருடம் நன்றாக இருந்தேன்.

இந்த வருடம் தைப்பொங்கலுக்கு மறுநாள், எரிவாயுச் சிலிண்டரை நகர்த்தக் குனிந்தேன். உள்ளே ஏதோ விலகியது போல இருந்தது. அன்று மாலையே பழைய வலி பழைய பாதையில் வந்துவிட்டது. பிட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முன்காலின் ஓரம் வழியே பெருவிரலில் முடிகிறது. பத்து வாரமாகிறது. இருமினால் மின்சாரம் பாய்கிறது. இரவில் கதிரையில் சாய்ந்தபடி தூங்குகிறேன்.

மூன்று வைத்தியர்களைப் பார்த்துவிட்டேன். அதே இடத்தைத் திறந்து பிதுங்கிய டிஸ்க் துண்டை எடுக்கலாம் என்கிறார் ஒருவர். இரண்டாம் தடவை என்பதால் ஆணி போட்டு இரண்டு எலும்பையும் இணைத்துவிடுவதே நல்லது என்கிறார் அடுத்தவர். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்கிறார் மூன்றாமவர். மூவரும் அன்பாகத்தான் பேசினார்கள். மூவர் சொன்னதும் வேறு வேறு. மனைவி மறுபடியும் வேண்டாம் என்கிறார். மூத்த மகளுக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை.

இரண்டாவது தடவை செய்தவர்கள், வேண்டாம் என்று விட்டவர்கள் இருவருமே எழுதுங்கள். எதை வைத்து முடிவெடுத்தீர்கள்?

கிண்ணியா நானா

தம்பி, உங்கள் பதிவை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இரண்டாவது தடவை செய்தவன். மகாவலி மணல் லொறி ஓட்டினேன். எனக்கு ஒரு படி கீழே, எல்5–எஸ்1. அதனால் வலி காலின் பின்புறமாக இறங்கிச் சின்னவிரலுக்குப் போகும். உங்களுக்குப் பெருவிரல். எந்த விரல் என்பதை வைத்தே எந்த நரம்பு என்று சொல்லிவிடுகிறார்கள்.

முதல் சத்திரசிகிச்சை முடிந்து எட்டு மாதத்தில் எனக்குத் திரும்பி வந்தது. ஏழு வாரம் பொறுத்தேன். மாத்திரை, ஊசி, இயன்மருத்துவம் எல்லாம் பார்த்தேன். முள்ளந்தண்டில் போட்ட ஸ்டீரொய்ட் ஊசி பதினைந்து நாள் நிம்மதி தந்தது, பிறகு கரைந்துவிட்டது. தொழுகையில் நெற்றி தரையில் பட சுஜூதுக்குக் குனிய முடியாமல் கதிரையில் இருந்து தொழுதேன். அதுதான் என்னை உடைத்தது.

கண்டியில் செய்தார்கள். இரண்டாம் தடவை லேசான வேலை அல்ல, அதை மறைக்க மாட்டேன். முதல் தடவை வெட்டிய இடத்தில் தழும்பு வளர்ந்து நரம்பு உறையோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரிக்கும்போது உறை கிழியும் வாய்ப்பு முதல் தடவையைவிடக் கூடுதல் என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். எனக்கும் கிழிந்தது. தைத்துவிட்டு மூன்று நாள் மல்லாந்து படுக்க வைத்தார்கள். தலையைத் தூக்கினால் மண்டை பிளக்கும். பிறகு ஆறிவிட்டது.

கால்வலி போனது, இன்றுவரை வரவில்லை. நாரி மட்டும் காலையில் பலகை போல இறுகியிருக்கும், அரை மணி நேரம் நடந்தால் இளகும். லொறியை விற்றுவிட்டுப் பாலத்தடியில் கடை வைத்திருக்கிறேன். மறுபடி அதே நிலை வந்தால் அதையேதான் செய்வேன். ஆனால் லொறியை முதல் சத்திரசிகிச்சைக்குப் பிறகே விற்றிருப்பேன்.

மூதூர் மகள்

அண்ணா, நான் வாப்பாவுக்காக எழுதுகிறேன். நானா சொன்னதற்கு நேர்மாறானது எங்கள் கதை. அதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

வாப்பாவுக்கு இப்போது 61. மூன்று தடவை வெட்டியாகிவிட்டது. இரண்டாவது தடவை துண்டை எடுத்தார்கள், மூன்றாவது தடவை ஆணி போட்டார்கள். வயலில் வரம்பு கட்டிய மனிதர் இன்று வாசலில் இருந்து மதிலைப் பார்க்கிறார். வலி முதல் நாள் இருந்த மாதிரியே இருக்கிறது.

நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். முதல் தடவை வாப்பாவுக்குக் காலில்தான் வலி, அது போய்விட்டது. இரண்டாவது தடவை வந்தது கால்வலி அல்ல, நாரி உளைவு. காலில் ஒன்றுமே இல்லை. படத்தில் டிஸ்க் பிதுங்கியிருப்பதைக் காட்டினார்கள், நாங்களும் படத்தைப் பார்த்துப் பயந்தோம். வலி எங்கே என்று யாரும் வாப்பாவிடம் விரலால் காட்டச் சொல்லவில்லை. எங்களுக்கும் அவசரம். ஆணி போட்டால் தீரும் என்று நம்பினோம், உம்மாவின் நகையை விற்றோம்.

வைத்தியர்களை வெறுத்து இதை எழுதவில்லை. ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டோமே என்ற வேதனையில் எழுதுகிறேன். உங்களுக்கு வலி எங்கே கூட, காலிலா நாரியிலா? அதை முதலில் உங்களுக்கு நீங்களே சொல்லுங்கள்.

தம்பலகாமம்

எனக்கும் டிஸ்க் பிரச்சினை இருந்தது. சத்திரசிகிச்சை செய்யவில்லை. எண்ணெய்ப் பூச்சு, ஒத்தடம், கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிப்பு, நான்கு மாதத்தில் எழுந்துவிட்டேன். பக்கத்து ஊரில் நாரி மிதித்து எடுக்கும் ஐயா ஒருவர் இருக்கிறார், அவரிடமும் போனேன். ஒருமுறை முயன்று பாருங்கள்.

நகர் இயன்மருத்துவர்

தம்பலகாமத்து ஐயா குணமானது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. வெந்நீரும் ஒத்தடமும் இறுகிய தசைக்கு இதம், அவற்றால் கேடில்லை. ஆனால் ஏற்கெனவே திறந்து எலும்பின் ஒரு பகுதியை எடுத்த முள்ளந்தண்டை மிதிப்பதோ முறுக்குவதோ கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஐயா நான்கு மாதத்தில் எழுந்ததற்குக் காரணமும் உண்டு. பிதுங்கிய டிஸ்க்கை உடலே மெல்ல மெல்லக் கரைக்கும். 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், துண்டாகப் பிரிந்து விழுந்தவற்றில் 96 சதவீதம் தானாகவே சுருங்கின அல்லது மறைந்தன. இலேசாகப் பிதுங்கியவற்றில் 41 சதவீதம்தான் அப்படிச் சுருங்கின. கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். பெரிய துண்டு வெளியே வந்து விழுந்தால்தான் உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு தின்னத் தொடங்குகிறது.

நெதர்லாந்தில் கடுமையான கால்வலி இருந்த 283 பேரை இரண்டு பிரிவாக்கி 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு உடனே சத்திரசிகிச்சை. மறு பிரிவு பொறுத்திருந்து, தேவைப்பட்டால் மட்டும். உடனே செய்தவர்களுக்கு வலி விரைவில் தணிந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரு பிரிவிலும் சுமார் 95 சதவீதம் பேர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். பொறுத்திருந்த பிரிவில் 39 சதவீதம் பேர் பொறுக்க முடியாமல் இடையில் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆனால் தம்பி, அது முதல் தடவை நோயாளிகளைப் பற்றியது. உங்களுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்க நான் துணியமாட்டேன்.

டிஸ்க் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்கு அதே இடத்தில் மறுபடி வருகிறது. நீங்கள் செய்த ஏதோ பாவம் அல்ல. டிஸ்க்கின் வெளிவளையத்தில் விழுந்த ஓட்டை பழைய பலத்தோடு மூடுவதில்லை.

மூதூர்த் தங்கச்சியின் கேள்விதான் இந்த இழையிலேயே பெரிய கேள்வி. நரம்பை நெரிப்பதை எடுத்தால் கால்வலி போகும். நாரி உளைவுக்கு அந்த உறுதி இல்லை. எந்த வலியும் இல்லாதவர்களைப் படம் பிடித்துப் பார்த்தாலும், இருபது வயதில் சுமார் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் தெரிகிறது. நரை போல அதுவும் வயதோடு வருகிறது. ஆகவே படத்தில் இருப்பதும் உடம்பில் நோவதும் ஒன்றா என்று பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. இப்போது நெரிப்பது புதிய டிஸ்க் துண்டா, பழைய தழும்பா? கையில் கடோலினியம் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. இதைப் பிரித்துக் காட்டும். தழும்புக்கு இரத்த ஓட்டம் உண்டு, அது மருந்தை உறிஞ்சி ஒளிரும். டிஸ்க் துண்டு இருளாகவே கிடக்கும், ஓரம் மட்டும் ஒளிரலாம். வெறும் தழும்பு என்றால் மறுபடி வெட்டுவதால் பெரும்பாலும் பயனில்லை, வெட்டிய இடத்தில் இன்னொரு தழும்புதான் வளரும். அடுத்தது, குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தார்களா? எலும்பு நழுவினால்தான் ஆணிக்கு வலுவான காரணம் இருக்கிறது. நழுவவில்லை என்றால், ஏன் ஆணி என்று அந்த வைத்தியரிடமே கேளுங்கள். இணைத்த எலும்புக்கு மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் கூடுதல் சுமையைத் தாங்க நேரும்.

மூன்றாவது, குதிகாலில் நின்று நாலு அடி நடந்து பாருங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவு உயர்கிறதா? இன்றே பார்த்து எழுதுங்கள்.

வார்டு 12 தாதி

எல்லோரும் பேசுங்கள், ஆனால் இதை முதலில் வாசியுங்கள். சிறுநீர் போகவில்லை, அல்லது போவதே தெரியவில்லை. மலத்தை அடக்க முடியவில்லை. சைக்கிள் இருக்கையில் படும் இடம் மரத்துப்போய்விட்டது. இரண்டு கால்களும் ஒன்றாகத் தளர்கின்றன. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முள்ளந்தண்டின் அடி நரம்புக் கட்டு முழுவதும் நெரிபடும் நிலை அது. நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய விடயம். வெட்கத்தால் சிறுநீர் விடயத்தைச் சொல்லாமல் இரண்டு நாள் வீட்டில் கிடந்த ஒருவரை நான் பராமரித்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

உப்புவெளி இஞ்சின்

தாதி அக்கா, அப்படி எதுவும் இல்லை. இரவு மனைவியிடமும் சொல்லிவைத்தேன்.

மூதூர்த் தங்கச்சி, இரண்டு நாள் குறித்து வைத்துப் பார்த்தேன். பத்துப் பங்கு வலியில் எட்டுப் பங்கு கால்தான்.

இயன்மருத்துவர் ஐயா, குதிகாலில் நடந்து பார்த்தேன். இடது பாதம் உயர்கிறது. வலது பாதம் பாதியில் நின்றுவிடுகிறது. அப்போதுதான் ஒன்று விளங்கியது. இரண்டு வாரமாக வலது காலில் மட்டும் செருப்பு நழுவுகிறது. செருப்பு தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன்.

நகர் இயன்மருத்துவர்

தம்பி, பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்ன வைத்தியர் இதைப் பார்த்திருக்க மாட்டார், ஏனென்றால் அப்போது இது இருந்திராது. வலி மட்டும் இருந்தால் காத்திருக்கலாம். பலம் குறைந்துகொண்டு போனால் அது வேறு கணக்கு. எல்5 நரம்புதான் பாதத்தையும் பெருவிரலையும் தூக்குகிறது. நெடுநாள் நெரிபட்டால் திரும்பக் கிடைக்கும் பலம் குறையும். உடனே எடுத்தாலும் முழுப் பலமும் வரும் என்று யாரும் கையடித்துச் சொல்ல முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த கிளினிக் வரை நிற்காமல் நாளைக்கே போய் இந்தச் செருப்புக் கதையைச் சொல்லுங்கள். இப்படிச் சொன்னால்தான் வைத்தியருக்கு விளங்கும்.

உப்புவெளி இஞ்சின்

இவருடைய மனைவி எழுதுகிறேன். அவர் படுத்திருக்கிறார்.

போன தடவை நான்தான் கூட நின்றேன். சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே நாலு மணி நேரம். மறுபடியும் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் இரண்டாவது தடவை செய்துவிட்டுப் படுத்த படுக்கையாக இருக்கிறார். சித்திரைப் புத்தாண்டு கழியட்டும் என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்து, கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு, பிறகு பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். கால் பலம் போகிறது என்று வாசித்த பிறகு எதுவும் ஓடவில்லை. நான் தடுத்ததால் அவருக்குக் கால் போய்விட்டால் என்ன செய்வேன்?

கிண்ணியா நானா

தங்கச்சி, நீங்கள் தடுக்கவில்லை, பயந்தீர்கள். என் மனைவியும் இப்படித்தான் பயந்தார். அவரிடம் கேட்டேன், இதைச் சொல்லச் சொன்னார்: வைத்தியரைப் பார்க்கும்போது நீங்களும் உள்ளே போங்கள். உங்கள் பயத்தை உங்கள் வாயால் கேளுங்கள். தெருவில் படுத்திருப்பவருக்கு என்ன செய்தார்கள், எதற்குச் செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அவருடைய உடம்பு வேறு, உங்கள் வீட்டுக்காரர் உடம்பு வேறு.

சீனி வியாதி இருக்கிறதா, புகைப்பாரா என்றும் எழுதுங்கள். என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான். சீனி கூடினால் காயத்தில் கிருமி தொற்றும். ஆணி போடுவதானால் சிகரெட் குடிப்பவருக்கு எலும்பு ஒட்டாமல் போகும் ஆபத்து அதிகம். நான் அன்றே பீடியை விட்டேன்.

உப்புவெளி இஞ்சின்

மறுநாளே இருவருமாகப் போனோம். மனைவி கடதாசியில் எழுதிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கேட்டார். வைத்தியர் கதிரையை இழுத்துப் போட்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பெருவிரலைத் தன் கையால் அழுத்தி, மேலே தூக்கச் சொன்னார். இடது விரல் அவருடைய கையைத் தள்ளியது, வலது விரலால் முடியவில்லை. சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுக்கக் கடிதம் தந்தார்.

அறிக்கை வந்துவிட்டது. பழைய இடத்திலேயே, எல்4–எல்5 வலப்பக்கம், புதிய துண்டு. அதைச் சுற்றிக் கொஞ்சம் தழும்பும் இருக்கிறது. குனிந்து நிமிர்ந்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நழுவவில்லை. ஆணி போடச் சொன்ன வைத்தியரிடம் படங்களை மறுபடி காட்டினேன். நழுவல் இல்லை, நாரிவலியும் குறைவு என்றால் இந்தத் தடவை துண்டை மட்டும் எடுக்கலாம், மூன்றாம் தடவை வந்தால்தான் இணைப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவரே சொன்னார். அப்படி ஒத்துக்கொண்டதற்கு அவர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு வந்தது.

புகைப்பதில்லை. சீனி இல்லை. கண்டியில் வருகிற வியாழக்கிழமை அனுமதிக்கிறார்கள், புத்தாண்டுக்கு முன். செய்யப் போகிறேன்.

நானா, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று அவ்வளவு தூரம் எப்படிப் போனீர்கள்? அரை மணி நேரம் என்னால் இருக்க முடியாது.

கிண்ணியா நானா

வேன் பிடித்துப் பின் இருக்கையைச் சாய்த்து, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் பக்கவாட்டில் படுத்தேன். ஹபரணையில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தேன், தம்புள்ளையில் இன்னும் ஐந்து. சாரதிக்கு முன்னரே சொல்லிவையுங்கள், பள்ளத்தில் மெதுவாக விடுவார். வரும்போதும் அதே வேனைப் பேசிவையுங்கள். அல்லாஹ் லேசாக்குவான், நான் துஆச் செய்கிறேன்.

தம்பலகாமம்

நாரி மிதிக்கச் சொன்னதற்கு மன்னியுங்கள் தம்பி. வெட்டிய நாரி வேறு என்று எனக்குத் தெரியாது. ஆதி கோணநாயகருக்கு உங்கள் பெயரில் அர்ச்சனை செய்கிறேன், நட்சத்திரத்தை எழுதுங்கள்.

உப்புவெளி இஞ்சின்

பூரட்டாதி, ஐயா. மிக்க நன்றி.

போவதற்கு முன் ஒரு வேலை முடித்தேன். பட்டறை வளையில் கப்பியும் சங்கிலியும் பூட்டியாகிவிட்டது. இனி இஞ்சின் சங்கிலியில்தான் ஏறும். பையனுக்குப் பழக்கிக் கொடுத்தேன். இருபது வருடத்துக்கு முன் பூட்டியிருக்க வேண்டியது.

உப்புவெளி இஞ்சின்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், வீட்டுக்கு வந்துவிட்டோம். உறை கிழியவில்லை. கால்வலி போய்விட்டது, தொடையில் மட்டும் சில நேரம் சுரீர் என்கிறது. வெட்டிய இடம் நோகிறது. பெருவிரல் இன்னும் முழுதாக உயரவில்லை, ஆனால் நேற்றுக் காலை மனைவியின் விரலைக் கொஞ்சம் தள்ளியது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள். தினமும் வீட்டைச் சுற்றி நடக்கிறேன், பாரம் தூக்குவதில்லை. இயன்மருத்துவர் ஐயா, பாதத்துக்கான பயிற்சிக்கு எப்போது வரலாம்?

நகர் இயன்மருத்துவர்

தையல் ஆறியதும், சத்திரசிகிச்சை செய்தவர் எழுதித் தரும் கடிதத்தோடு வாருங்கள். அதுவரை படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் பத்து முறை. நழுவும் செருப்பைப் போட வேண்டாம், பின்னால் வார் உள்ளதைப் போடுங்கள். விழுந்துவிடக் கூடாது.

மூதூர் மகள்

அண்ணா, அல்ஹம்துலில்லாஹ். கண் கலங்கிவிட்டது.

இயன்மருத்துவர் ஐயா, வாப்பாவின் மூன்று தடவைப் படங்களும் என்னிடம் இருக்கின்றன. நாலாவது தடவை வெட்டுவதற்கு அல்ல. வலியோடு அவர் எழுந்து நடக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை படகில் வந்தால் உங்களைக் காணலாமா, அல்லது பாலம் வழியாக பஸ்ஸில் வரட்டுமா? அவருக்குப் படகில் ஏறி இறங்குவது கஷ்டம்.

நகர் இயன்மருத்துவர்

பஸ்ஸில் வாருங்கள் தங்கச்சி, பாலம் வழியாக. முன் இருக்கையில் இருத்துங்கள். படங்களோடு, அவர் இப்போது எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுவாருங்கள். ஒன்பது மணிக்கு முன் வந்தால் நெரிசல் இருக்காது.